பதினாலாம் படுக்கையின் கேஸ் ஷீட்

மௌரீனுக்கு டாக்டராக வேண்டும். பெங்களூர் ஈஜிபுராவில் அவர்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்குக் கீழே இஸ்திரி போடுகிறவருக்குக்கூட இது தெரியும். பி.யு.சி. முடித்து சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதினாள். ரேங்க் ஒன்பதாயிரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. அந்த ரேங்கை வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி வாசலில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அப்பா ஞானசேகரன் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மன். "இன்னொரு வருஷம் எழுதும்மா, வயசா போயிடுச்சு உனக்கு?" என்றார். ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

இது நடந்தது 1999இல். கோச்சிங் கிளாஸில் ஒரு வாத்தியார் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவைத்தார். அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்க்ரைப் என்று ஒரு வேலை உண்டாம். டாக்டர் நோயாளியைப் பார்க்கப் பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம். மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் அதைத்தான் செய்வார்களாம். அவர் சொல்லிவிட்டு விலங்கியலுக்குப் போய்விட்டார். மௌரீன் போகவில்லை. அந்த நாற்காலி அவள் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. டாக்டருக்குப் பக்கத்து நாற்காலி.

பெங்களூரில் அந்த நாற்காலியைத் தேடி அவள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அதைச் சொன்னால் வாய் கசக்கும். ஏழு நர்சிங் ஹோம் ஏறி இறங்கினாள். "எழுதறதுக்கு நர்ஸ் இருக்கா, நீ எதுக்கு?" என்றார் ஒருவர். ரிசப்ஷனில் நின்று டோக்கன் கொடுக்கிறாயா என்றார் இன்னொருவர். கோரமங்களாவில் ஒரு பெரிய மனிதர் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, பயோடேட்டாவைத் தொடாமலே, "சாயங்காலம் கூட்டம் இருக்காது, அப்ப வா பேசலாம்" என்றார். அவள் படியிறங்கி வந்து தெருக்குழாயில் முகம் கழுவிக்கொண்டாள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனிக்காரன் பயிற்சிக்கு என்று அப்பாவின் ஆறு மாதச் சம்பளத்தைக் கேட்டான்.

அப்புறம்தான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. 'மெடிக்கல் ஸ்க்ரைப் தேவை. பி.யு.சி. சயன்ஸ். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும். சி.இ.டி. எழுதுபவர்களுக்கு முன்னுரிமை.' முகவரி சந்தாபுராவைத் தாண்டி, புதிதாக ஆரம்பித்த ஒரு மருத்துவக் கல்லூரி. மௌரீன் அந்தத் துண்டை வெட்டி பைபிளுக்குள் வைத்தாள். வேண்டுதலெல்லாம் பலித்துவிட்டது என்று அந்தப் பெண் நினைத்தாள், பாவம்.

கல்லூரியின் நிர்வாக அதிகாரி பத்ரிநாத். நெற்றியில் மெல்லிசாக ஒற்றைக் கோடு, சட்டைப் பையில் நாலு பேனா, குரலில் வெண்ணெய். அவர் மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை. மூன்று பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எழுதிக் காட்டும்மா. ஏதாவது எழுது."

எழுதினாள்.

"நன்னா இருக்கே. இப்ப கொஞ்சம் சாய்ச்சு எழுது. வேற யாரோ எழுதின மாதிரி."

சாய்த்து எழுதினாள்.

"இப்ப கிறுக்கலா எழுது பாக்கலாம். அவசரத்துல டாக்டர் எழுதுவாரே, அந்த மாதிரி."

அதையும் எழுதினாள். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "மூணு கை வரதே உனக்கு. நாளைக்கே வந்துடு. உனக்கு எம்.பி.பி.எஸ். ஆசை இருக்கோல்லியோ? நன்னா வேலை செஞ்சா டிரஸ்டிகிட்ட நானே சொல்றேன். மேனேஜ்மென்ட் சீட், கன்சஷன்ல." மூன்று கை எதற்கு என்று கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை. சீட் என்ற சொல் காதில் விழுந்த பிறகு வேறு எதுவும் விழவில்லை.

மறுநாள் போனால் டாக்டரும் இல்லை, பக்கத்து நாற்காலியும் இல்லை. மாடியில் ஜன்னல் சாத்திய ஓர் அறை. நீள மேஜை. அவளைப்போல நாலு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சி.இ.டி.யில் வழுக்கியவர்கள். ஆளுக்கொரு கட்டு வெறும் கேஸ் ஷீட், ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு வியாதிப் பட்டியல். பழைய ரெக்கார்டெல்லாம் மழையில் நனைந்து வீணாகிவிட்டது, மறுபடி எழுதுகிறோம் என்று பத்ரிநாத் சொல்லியிருந்தார். மௌரீன் நம்பினாள். மூன்று நாள் நம்பினாள்.

அவள் எப்படிப்பட்டவள் என்றால், எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். அவென்யூ ரோட்டில் பழைய புத்தகமாக வாங்கிய தடித்த மருத்துவப் புத்தகம் ஒன்று வைத்திருந்தாள். நோயாளியை எப்படிப் பரிசோதிப்பது என்று தலையிலிருந்து கால்வரை அதில் வரிசையாக இருக்கும். மற்றவர்கள் 'வயிறு மிருது, நெஞ்சு தெளிவு' என்று இரண்டு வரியில் முடித்தார்கள். மௌரீன் ஒன்று விடாமல் எழுதினாள். கண் வெளுப்பு, நாக்கு, கழுத்துக் கட்டி, மார்பகம், நாடி, எல்லாம். நர்ஸுக்கு ஒரு கை, பயிற்சி டாக்டருக்கு ஒரு கை, பெரிய டாக்டருக்குக் கிறுக்கல். காய்ச்சல் அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள். பத்ரிநாத் வந்து எடுத்துப் பார்த்து, மற்ற நாலு பேருக்கும் காட்டுவார். அவளுக்குப் பெருமையாக இருக்கும். பின்னாளில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அந்தப் பெருமையை நினைத்துத்தான்.

நாலாவது நாள் பக்கத்தில் இருந்த ஷ்ரேயாஸிடம் கேட்டாள். அவன் மூன்றாவது தடவையாக சி.இ.டி. எழுதப் போகிறவன். "இந்த சரோஜம்மா டிஸ்சார்ஜ் தேதி அடுத்த வாரம்னு போட்டிருக்கு. இன்னும் வராத தேதிய எப்படிப்பா மழை நனைச்சிருக்கும்?"

ஷ்ரேயாஸ் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். "உனக்கு நெஜமாவே தெரியாதா? வர வியாழக்கிழமை மெடிக்கல் கவுன்சில் இன்ஸ்பெக்ஷன். இத்தனை பெட்ல இத்தனை பேஷன்ட் இருந்தாதான் காலேஜுக்கு பர்மிஷன். பேஷன்ட் எங்க இருக்காங்க இங்க? பஸ்ல கொண்டாந்து படுக்க வெப்பாங்க. நாம அவங்களுக்கு வியாதி எழுதறோம்."

சீ என்று போயிற்று அவளுக்கு. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். நினைத்தாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்காரரிடம், "பொண்ணு மெடிக்கல் காலேஜ்ல வேலை பாக்குது, அங்கயே சீட்டும் கெடைக்கும் போல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனிதர் அப்படிச் சிரித்து அவள் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் அவளும் ஏறினாள். யாரும் அவள் கழுத்தைப் பிடித்து ஏற்றவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் பஸ் வந்தது. மூன்று பஸ். கோவிந்தப்பா என்ற கங்காணி தலையை எண்ணி எண்ணி இறக்கினான். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். ஒருநாள் கூலியும் மத்தியானம் பிரியாணிப் பொட்டலமும். குளித்து வரச் சொல்லியிருந்தான். எண்ணெய் வைத்துத் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள் பெண்கள். வாசலிலேயே பூவைப் பிடுங்கச் சொல்லி ஒரு நர்ஸ் கத்தினாள். நோயாளிக்கு எதற்குப் பூ? எல்லோருக்கும் பச்சை அங்கி. வயிற்றில் காயமே இல்லாமல் கட்டு. கையில் ஊசி ஏறாமல் பிளாஸ்திரியால் ஒட்டிய குளுக்கோஸ் குழாய்.

மௌரீனுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு அவரவர் வியாதியைச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. கட்டில் கட்டிலாகப் போனாள். "உங்களுக்குக் குடலிறக்கம்." "உங்களுக்கு அப்பெண்டிக்ஸ், வலது பக்கம், இடது பக்கம் காட்டிடாதீங்க." ஒரு கிழவர், தனக்குச் சர்க்கரை வியாதி வேண்டாம், பிரியாணி கொடுக்க மாட்டார்கள் என்றார். வார்டே சிரித்தது. மௌரீனுக்கும் சிரிப்பு வந்தது, உடனே தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பதினாலாம் படுக்கையில் ஒரு பெண். நாற்பது இருக்கும். ஒடிசலான உடம்பு, கை மட்டும் சிமென்ட் தின்று காய்த்துப்போனது.

"உங்க பேரு என்னக்கா?"

"சின்னத்தாயிம்மா. தர்மபுரி பக்கம்."

"இன்னிக்கு மட்டும் உங்க பேரு சரோஜம்மா. யாராவது கேட்டா பித்தப்பையில கல்லு, ஆபரேஷன் ஆயி அஞ்சு நாள் ஆச்சுன்னு சொல்லணும்."

சின்னத்தாயி தலையாட்டினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அது சரிம்மா. எனக்கு நெசமாவே ஒண்ணு இருக்குது. ஆஸ்பத்திரின்னு சொன்னாங்க, அதான் பஸ்ஸு ஏறுனேன்." அங்கியின் இடது பக்கத்தை விலக்கினாள். உள்ளே பழைய சேலைத் துணியை மடித்து மடித்து வைத்துக் கட்டியிருந்தாள். அவிழ்த்ததும் ஒரு வாடை வந்தது. மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. மேல்தோல் சுருங்கி, ஒரு பக்கம் வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. "வலி இல்லம்மா. நாத்தம்தான். பக்கத்துல நிக்கிறவங்க மூஞ்சி சுளிக்கறாங்க."

தான் கூசாமல் எழுதிய வரி மௌரீனுக்கு ஞாபகம் வந்தது. சரோஜம்மா, படுக்கை பதினாலு. மார்பகம்: இரு பக்கமும் இயல்பு.

ஓடிப்போய் பத்ரிநாத்தைப் பிடித்தாள். "சார், பதினாலாம் பெட்ல ஒருத்தங்களுக்கு நெஜமாவே ஏதோ பெரிசா இருக்கு. ஒரு சர்ஜன வரச் சொல்லுங்க சார், ப்ளீஸ்."

"சர்ஜனா?" அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு சர்ஜரி புரொஃபசரா நிக்கறவர் வெளியூர்லேர்ந்து ஒரு நாளைக்கு வந்திருக்கற தோல் டாக்டர்மா. மத்தவாளும் அப்படித்தான். இன்ஸ்பெக்ஷன் முடியட்டும், பாக்கலாம். துணியைக் கட்டிக்கச் சொல்லு, வாடை அடிக்கும்."

முடியட்டும், பாக்கலாம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பி வந்தாள். "மத்தியானம் டாக்டர் பாப்பாங்கக்கா" என்று சின்னத்தாயியிடம் சொல்லவும் சொன்னாள்.

பதினொரு மணிக்கு ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். கழுத்தில் சந்தன மாலை இன்னும் இருந்தது. பின்னால் பத்ரிநாத், தோல் டாக்டர், இன்னும் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து ஒருநாள் புரொஃபசரானவர்கள். மூத்தவர் ஒவ்வொரு கட்டிலாகத் தலையசைத்துக்கொண்டே வந்தார். பதினாலாம் கட்டிலில் நின்றார். நின்றதற்குக் காரணம் வாடைதான்.

"என்ன வியாதி?" என்று தமிழிலேயே கேட்டார்.

சின்னத்தாயிக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டதா, மறக்க வேண்டும் என்று மறந்தாளா, யாருக்குத் தெரியும். பெரிய டாக்டர் வந்து தன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். அவள் துணியை அவிழ்த்துக் காட்டிவிட்டாள்.

மூத்தவர் ஃபைலை எடுத்துப் புரட்டினார். படித்தார். "பித்தப்பை ஆபரேஷன். மார்பகம் இரு பக்கமும் இயல்பு. இதை யார் எழுதியது?"

தோல் டாக்டர் மௌரீன் பக்கம் கையை நீட்டினார். "இன்டர்ன், சார்." கூசாமல் சொன்னார். மேலே விழுந்த தூசியைத் தட்டிவிடுவதுபோலத் தட்டிவிட்டார் பழியை.

பத்ரிநாத்தின் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறக்காதே என்று சொல்லிற்று அது. சீட், அப்பாவின் சிரிப்பு, ஒன்பதாயிரம் ரேங்க் எல்லாம் ஒரு நொடியில் வந்து போயிற்று. ஆனால் கட்டிலில் அந்தப் பெண் துணியைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

"நான் டாக்டர் இல்ல சார்" என்றாள் மௌரீன். "இவங்க பேரு சரோஜம்மா இல்ல. ஆபரேஷன் எதுவும் நடக்கல. இந்த வார்டுல இருக்கற எல்லா ஃபைலும் நாங்க மாடியில உக்காந்து எழுதினது. இவங்கள மட்டும் நெஜமா பாருங்க சார்."

கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தாள். யாராவது கத்துவார்கள், போலீஸ் வரும், கல்லூரியைப் பூட்டுவார்கள். என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. மூத்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒருமுறை பார்த்தார். கூட வந்த இருவரும் பார்க்கவே இல்லை. ஒருவர் தாளில் எதையோ டிக் செய்தார்.

"ஃபைல் மாறிப்போயிருக்கிறது" என்றார் மூத்தவர் பத்ரிநாத்திடம், இங்கிலீஷில், சாந்தமாக. "சரிசெய்துவிடுங்கள். இவ்வளவு முற்றிய கேஸெல்லாம் உங்களிடம் வருகிறதே, பரவாயில்லை. மாணவர்களுக்கு நல்ல மெட்டீரியல். சர்ஜரிக்கு இதை எழுதிக்கொள்ளலாம்." பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அவர்களுக்குத் தெரியும். மாலையைக் கழுத்தில் வாங்கும்போதே தெரியும். மௌரீனுக்கு அது இப்போதுதான் புரிந்தது. பொய்யை மறைக்க அவள் ராப்பகலாக மூன்று கையில் எழுதிக்கொண்டிருந்தாள். மறைக்க ஆளே இல்லை. படிக்காமலே நம்பத் தயாராக வந்தவர்கள் முன்னால் இத்தனை அழகாக எழுதியிருக்கிறாள்.

இரண்டு மணிக்கு பத்ரிநாத் அவளைக் கூப்பிட்டார். வேலையை விட்டுத் துரத்தத்தான் என்று போனாள். அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். வாயில் இன்னும் பாயசம் மணத்தது.

"கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிட்டே. போறது. அந்த கேஸ் நமக்கு நல்லதாப் போச்சு. சர்ஜரிக்கு ஒரு பாயின்ட் குறைஞ்சிருந்தது, அதுவும் வந்துடுத்து. டிரஸ்டி ஒத்துண்டுட்டார். சீட் உனக்குத்தான்." ஒரு வெறும் கேஸ் ஷீட்டை அவள் பக்கம் தள்ளினார். "இதை மட்டும் எழுதிக் குடுத்துடு. பதினாலாம் படுக்கை. மார்பகப் புற்று, இங்கேயே ஆபரேஷன் ஆச்சு, நன்னாத் தேறி டிஸ்சார்ஜ்."

"அவங்கள யாரு சார் பாக்கப் போறாங்க?"

"யார் இருக்கா பாக்கறதுக்கு? வந்த டாக்டரெல்லாம் ஆறு மணி ஃப்ளைட். கூலிக்கு வந்தவா பஸ் மூணு மணிக்குக் கிளம்பிடும்."

மௌரீன் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். பழகிய கை என்ன செய்யும்? பெயர் எழுதிற்று, தேதி எழுதிற்று, கட்டி முழுவதும் அகற்றப்பட்டது என்று எழுதிற்று, தையல் ஆறியிருக்கிறது என்று எழுதிற்று. நாலாவது வரியில்தான் அந்த வாடை மறுபடி மூக்கில் ஏறியது. சின்னத்தாயியின் புண்ணிலிருந்து வந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. ஓங்கரித்துக்கொண்டு வந்தது. தாளைக் கிழித்து அவர் மேஜையில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"இப்ப வெளில போனா அப்புறம் இந்த வாசல் மிதிக்க முடியாது, சொல்லிட்டேன்" என்றார் பத்ரிநாத். குரலில் வெண்ணெய் இல்லை.

"வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள்.

கீழே கோவிந்தப்பா தலை எண்ணிக்கொண்டிருந்தான். சின்னத்தாயி பிரியாணிப் பொட்டலத்தை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. "டாக்டர் வரலியேம்மா" என்று மட்டும் கேட்டாள். மௌரீன் அவள் கையைப் பிடித்து இறக்கினாள். "ஏனம்மா, லெக்க தப்போகுத்தே" என்று கோவிந்தப்பா கன்னடத்தில் கத்தினான், தலைக்கணக்கு தப்பிவிடுமாம். ஒன்று குறைத்து எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

டவுன் பஸ் பிடித்து, ஹொசூர் ரோட்டில் நின்று நின்று ஊர்ந்து, நகரத்துக்குள் இருந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள். மௌரீன் நகரவில்லை. வரிசையில் நின்றார்கள். கவுன்டரில் இருந்த பெண்மணி தலை நிமிராமல் ஒரு பாரத்தை நீட்டினாள். "டாக்டர் இருக்காரு, அஞ்சு மணி வரைக்கும் பாப்பாரு. எழுதித் தாங்க மொதல்ல."

மௌரீன் பாரத்தைச் சுவரில் வைத்துக்கொண்டாள். பெயர், சின்னத்தாயி. வயது என்ற கட்டத்தில் பேனா நின்றது. இருநூறு பேருக்கு வியாதி எழுதியிருக்கிறாள். ஒருவரைக்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை.

"வயசு எவ்வளவுக்கா?"

"முப்பத்தஞ்சும்மா."

"எத்தன நாளா இருக்கு இது?"

"எட்டு மாசம் இருக்கும். மொதல்ல கோலிக்குண்டு மாதிரி இருந்துச்சு."

"அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக் கூடாதாக்கா?" மௌரீனுக்குக் கோபமே வந்துவிட்டது. "எட்டு மாசமா ஒருத்தர்கிட்டயும் காட்டலியா?"

சின்னத்தாயி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "காட்டாம என்னம்மா? ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறேன். இதே மாதிரிதான் பஸ்ஸு வந்துச்சு, வேற வேற காலேஜு. ரெண்டு எடத்துலயும் கட்டில்ல படுக்க வெச்சாங்க. உன்ன மாதிரி ஒரு பொண்ணுதான் வந்து எல்லாத்தையும் எழுதிக்கிச்சு. அதான் எழுதிட்டாங்களே, மருந்து வந்துரும்னு நான் வீட்டுக்குப் போயி காத்துக்கிட்டு இருந்தேன்."